எந்தப் படியிலிருந்து அளக்குறீங்க?

செஞ்சிக் கோட்டைக்குப் போறீங்க. ராஜகிரியை அடிவாரத்திலிருந்தும், கிருஷ்ணகிரியைப் பாதிப் படியிலிருந்தும் அளந்துட்டு, 'எது உசரம்?'னு கேட்டா சிரிப்பீங்கதானே? எழுத்தறிவுக் கணக்கில் இதைத்தான் நாம சீரியஸா செய்றோம்!

நம்ம சென்சஸ் 7 வயசிலிருந்து எழுத்தறிவைக் கணக்கிடுது. இலங்கையில் 10 வயசிலிருந்து. 2025ல் செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அதே யுனெஸ்கோ, வயது வந்தோர் எழுத்தறிவுக்கு 15 வயசிலிருந்து!

அதனால என்னங்கறீங்களா? 2011 சென்சஸில் இந்தியா 73 சதவீதம். 15 வயசும் அதுக்கு மேலும் மட்டும் பார்த்தா, சுமார் 69தான். ஸ்கூல் பசங்க சதவீதத்தைத் தூக்கிட்டாங்க. கைநாட்டு வைக்கிற அம்மாக்கள் அதுக்குள்ள மறைஞ்சுட்டாங்க.

1981 கணக்கைப் பாருங்க. 5 வயசிலிருந்து எண்ணினா 41.4, 7 வயசிலிருந்து எண்ணினா 43.6. யாரும் புதுசா ஒரு எழுத்துகூடக் கத்துக்கலை, ஆனா சதவீதம் எகிறிடுச்சு!

ஊர்க் கணக்கும் அப்படித்தான். செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டம், 1993ல் தென்னாற்காட்டைப் பிரிச்சு உருவானது. 2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாப் போயிடுச்சு. ஆக, 2011 'விழுப்புரம்' வேற, இன்றைய விழுப்புரம் வேற. பெயர் மட்டும்தான் ஒண்ணு.

செஞ்சிப் பக்கம் என்.எஸ்.எஸ். கேம்ப் போய் முதியோர் வகுப்பு எடுக்கப் போறீங்களா? முதல்ல மூணு கேள்வி கேளுங்க: எந்த வயசு? எந்த வருஷம்? எந்த எல்லை? அப்பதான் உங்க வகுப்பில் எத்தனை பாய் விரிக்கணும்னு தெரியும்.