சினகாஞ்சியின் விதான ஓவியங்கள்

மாமல்லபுரக் கடற்கரையில் பல்லவர்காலச் சமயக்கலை கருங்கல்லில் நிலைபெற்றுள்ளது. அக்கடற்கரையையும் காஞ்சி நகரையும் ஒருங்கே கொண்டிருந்தது பழைய செங்கல்பட்டு மாவட்டம். காஞ்சியை அடுத்து, வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றத்தில் அக்கலையின் மற்றொரு வடிவத்தைக் காணலாம். இங்கு அது சுண்ணச்சாந்தின்மேல் தீட்டிய வண்ணமாக விளங்குகிறது.

சமண முனிவர்கள் தங்கிக் கற்பித்த இவ்வூர் சினகாஞ்சி எனவும் வழங்கப்பெற்றது. பல்லவ மன்னன் சிம்மவர்மன் பருத்திக்குன்றைச் சார்ந்த வச்சிரநந்தி முனிவருக்கு நிலக்கொடை அளித்த செய்தியைப் பள்ளன்கோவில் செப்பேடு கூறுகிறது. மேருமந்தர புராணத்தை இயற்றிய வாமன முனிவருக்கும் அவர்தம் மாணவர் புட்பசேனருக்கும் உரிய நினைவுப் பீடங்கள் கோவிலின் குராமரத்தருகே உள்ளன. முனிவாசம் என்னும் கட்டடப் பகுதி துறவியர் வாழ்வை இன்றும் நினைவூட்டுகிறது. மடம் பிற்காலத்தில் மேல்சித்தாமூருக்கு இடம்பெயர்ந்தது. கோவிலில் வழிபாடு தொடர்கிறது.

வர்த்தமானர் திருமுன் உள்ள சங்கீத மண்டபத்தை விசயநகர அமைச்சர் இருகப்பர், புட்பசேனரின் அறிவுரைப்படி 1387-88இல் கட்டுவித்தார். இதன் விதானமே ஓவியக்களம். தொடக்ககால ஓவியங்களின் எச்சங்கள் சில உள்ளன. ஏனையவை பின்வந்த நூற்றாண்டுகளில் தீட்டப்பெற்றவை. இடபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகிய தீர்த்தங்கரர்களின் வரலாறுகள் நீண்ட பட்டைகளாகத் தொடர்கின்றன. குழந்தையாகப் பிறந்த தீர்த்தங்கரரை இந்திரன் மேருமலைக்கு எடுத்துச்சென்று நீராட்டும் காட்சி குறிப்பிடத்தக்கது. சமண மரபில் கண்ணன் நேமிநாதரின் உறவினன். ஆதலால் கண்ணன் கதையும் இங்கு இடம்பெற்றுள்ளது.

காட்சிகளின் கீழே தமிழில் விளக்கம் எழுதப்பெற்றிருப்பது இவ்வோவியங்களின் தனிச்சிறப்பு. ஏட்டுச்சுவடி எல்லார்க்கும் கிட்டாத காலத்தில், கோவிலுக்கு வந்தோர் அண்ணாந்து நோக்கி, வரிசையாகப் பார்த்தும் படித்தும் அறநெறியை அறிந்தனர். எனவே இவ்விதானம் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று, கற்பிப்பதற்காகவும் அமைந்தது.

கல்லில் வடித்த சிற்பம் கடற்காற்றை நெடுங்காலம் தாங்கும். சாந்தின்மேல் தீட்டிய வண்ணம் அத்தகையதன்று. கூரையில் கசியும் மழைநீர் சாந்தைப் பெயர்த்துவிடும். விளக்குப் புகை வண்ணத்தை மங்கச்செய்யும். தூய்மை கருதிப் பூசும் வெள்ளை ஒரே நாளில் ஓவியத்தை மறைத்துவிடும். ஒரு காட்சி அழியின் அதனோடு அதன் தமிழ்வரியும் அழியும். கதைத் தொடரும் இடையில் அறுபடும். கூரையைக் கசிவின்றிக் காப்பதும், வண்ணப்பரப்பைத் தீண்டாதிருப்பதும், துறைவல்லுநரைக் கொண்டே சீரமைப்பதும் இக்கலைச்செல்வத்தை வருந்தலைமுறைக்குச் சேர்க்கும் வழிகளாகும்.