ஒரு வேளைக் கலம்: வாழையிலை முதல் கரும்புச் சக்கைத் தட்டு வரை

புதுவைக் குபேர் அங்காடிக்கு விடியற்காலையில் சென்றால், நனைந்த சாக்கின்மேல் வாழையிலைக் கட்டுகள் அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நுனியிலை ஒருபுறம், ஏடு மற்றொருபுறம் எனப் பிரித்து வைத்து விலை பேசுகின்றனர். அங்கிருந்து சில கடைகள் தள்ளிப் பாக்கு மட்டைத் தட்டுகளும், கரும்புச் சக்கையால் ஆன வெண்ணிறப் பெட்டிகளும், காகிதக் குவளைகளும் குவிந்துள்ளன. இவை யாவும் ஒரு வேளை உணவுக்குப் பயன்பட்டு, மறு வேளை குப்பைக்குச் செல்பவை. அவ்வங்காடியினின்று வெளிவந்து பெரிய வாய்க்கால் ஓரமாக நடந்தபோது, முன் சொன்னவற்றில் எவை மண்ணாகின்றன, எவை மிதக்கின்றன என்பதை நாம் கண்கூடாகக் கண்டோம்.

இப்பொருள் நமது சங்க அங்கத்தினர்களுக்கு ஏன் வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். வாழையும் கரும்பும் நெல்லும் விளைவிப்போர் நம்மவர். நூலும் துணியும் அறிந்தோரும் நம்மவர். புதிய உணவுக் கலங்கள் அனைத்தும் நாரினாலோ, தவிட்டினாலோ, இலையினாலோ ஆகின்றன. அத்தொழிலில் இறங்குமாறு யந்திரம் விற்போர் ஊர்தோறும் அழைக்கின்றனர். சேமிப்புப் பணத்தை அதில் இடுமுன் அதன் உண்மையை அறிந்துகொள்வது நம் கடமை.

முன்னோர் கண்ட கலங்கள்

ஒரு முறை பயன்படுத்தி எறியும் கலம் மேல்நாட்டார் கண்டதன்று. வாழையிலையேயன்றி, மந்தாரை, ஆல், புரசு ஆகியவற்றின் இலைகளை ஈர்க்கால் தைத்துத் தையல் இலையாக்கினர் நம் முன்னோர். கோயில்களில் பிரசாதம் தொன்னையில் வழங்கப்பட்டது. பதநீர் பருகப் பனையோலையை மடித்துப் பட்டை செய்தனர்; கருப்பட்டியை ஓலைப் பெட்டியிலும், பலகாரத்தைக் கொட்டானிலும் வைத்தனர். வாழைச் சருகும் பொட்டலம் கட்ட உதவிற்று.

வாழையிலையின் சிறப்பு அதன் மேற்பரப்பில் உள்ள மெல்லிய மெழுகுப் படலத்தில் இருக்கிறது. நீர் அதில் ஒட்டாது உருண்டோடுவதும், குழம்பு ஊறாது நிற்பதும் இதனாலேயே. எறிந்த இலையை மாடு தின்னும். எஞ்சியது சில வாரங்களில் எருவாகும். குறை ஒன்றே: பறித்த சில நாட்களில் வாடிக் கிழியும். ஆதலால் தொலைதூர வாணிகத்துக்கு ஏற்காது. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த டெனித் ஆதித்யா என்னும் இளைஞர், இரசாயனம் சேர்க்காமல் இலையைப் பல மாதங்கள் கெடாது காக்கும் முறையொன்றைக் கண்டிருப்பதாகக் கூறி, அம்முறையால் தட்டும் குவளையும் செய்து காட்டியிருக்கிறார். நம் இலையின் ஒரே குறையைத் தீர்க்க முயன்ற இம்முயற்சி, வாழை பயிரிடுவோர் கவனிக்கத்தக்கது.

மேல்நாட்டுப் புதுமைகள்

காகிதக் குவளை அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் தோன்றியது. இரயில் நிலையங்களிலும் பள்ளிகளிலும் எல்லோரும் ஒரே குவளையில் நீர் பருகி நோய் பரப்பியதைத் தடுப்பதே அதன் நோக்கம். அதே காலத்தில் மார்டின் கீஸ் என்பவர், மரக்கூழை அச்சில் வார்த்துத் தட்டு செய்யும் யந்திரத்தைக் கண்டு, 1903-இல் மெய்ன் மாநிலத்தில் ஆலை தொடங்கினார். மரத்தாள் ஆலைத் தொழிலாளர் மெல்லிய மரச் சீவல்களைத் தட்டாகக் கொண்டு உண்டதைப் பார்த்தே அவருக்கு இவ்வெண்ணம் பிறந்தது என்பர். இன்றைய கரும்புச் சக்கைத் தட்டுக்கு மூதாதை இதுவேயாகும்.

பின்னர் வந்தது பிளாஸ்டிக். 1933-இல் இங்கிலாந்தில் பாலிதீன் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பாலிஸ்டைரீன் நுரையும் பெருமளவில் செய்யப்படலாயிற்று. நாம் தெர்மாக்கோல் என்று அழைக்கும் அந்நுரையின் கன அளவில் பெரும்பகுதி காற்றே. ஆதலால் இலேசானது, மலிவானது, சூடு காப்பது. ஆனால் மண்ணில் மக்காது. உடைந்து உடைந்து சிறு மணிகளாகி வாய்க்காலிலும் கடலிலும் சேரும்.

காகிதக் குவளையும் முழுக் காகிதமன்று. தேநீர் ஊறாதிருக்க உட்புறத்தில் பாலிதீன் படலம் ஒட்டப்படுகிறது. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 100 மில்லி சூடான பானத்தைப் பதினைந்து நிமிடம் இத்தகைய குவளையில் வைத்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் அதில் இறங்குவதாகக் கண்டனர். காகிதம் என்ற பெயரை மட்டும் நம்பிப் பருகுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

சட்டம் சொல்வது யாது?

தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாள் தொட்டு, பிளாஸ்டிக் தட்டு, தெர்மாக்கோல் குவளை, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை முதலியன தடைசெய்யப்பட்டன. இந்தியா முழுவதற்குமாக 2022 சூலை முதல் நாள் முதல், ஒரு முறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி, முட்கரண்டி, உறிஞ்சு குழல் முதலியவற்றின் உற்பத்தியும் விற்பனையும் விலக்கப்பட்டன. 120 மைக்ரானுக்கு மெலிந்த பிளாஸ்டிக் பைகளுக்கு 2022 டிசம்பர் இறுதியோடு இடமில்லாமற் போயிற்று. உணவைச் செய்தித்தாளில் பொதிவதையும் 2018-இல் வகுத்த உணவுப் பொதிவு விதிகள் விலக்கியுள்ளன. அச்சு மை உணவில் இறங்கும் என்பதே காரணம்.

சட்டம் ஒரு வாயிலை அடைத்தது. நம் விளைபொருளுக்கு மற்றொன்றைத் திறந்தது. அவ்வாயிலின் உள்ளே இருப்பதை இனிப் பார்ப்போம்.

பாக்கு மட்டை

பாக்கு மரத்திலிருந்து தானே உதிரும் மட்டையைக் கழுவி, ஊறவைத்து, சூடேற்றிய இரும்பு அச்சுகளுக்கிடையே அழுத்தினால் தட்டு ஆகிறது. பசையோ வேறு பூச்சோ வேண்டுவதில்லை. யந்திரமும் சிறியது. எனவே மகளிர் குழுக்கள் பல இதில் இறங்கின. ஆயினும் இருவகை எச்சரிக்கை தேவை.

முதலாவது, பாக்கு நம் கடற்கரை மணலின் பயிரன்று. சேலம், கோவை போன்ற இடங்களிலிருந்து மட்டை வரவேண்டும். இலேசான, இடத்தை அடைக்கும் பொருளுக்கு வண்டிக் கூலி கொடுத்து வரவழைத்தால் இலாபம் வழியிலேயே கரையும். இரண்டாவது, 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாக்கு மட்டைத் தட்டுகளை உணவு பரிமாற ஏற்கலாகாது என அறிவித்து, அவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. பாக்கில் உள்ள அரெக்கோலின் முதலிய பொருள்கள் தட்டிலிருந்து உணவில் இறங்கக்கூடும் என்பது அவர்கள் கூறும் காரணம். கொட்டையில் உள்ள பொருள் மட்டையில் எவ்வளவு உண்டு, சூடான குழம்பில் எவ்வளவு இறங்கும் என்பதைச் சோதனைச் சாலையே சொல்ல வேண்டும். வெறுப்போ பற்றோ சொல்ல இயலாது. ஏற்றுமதியை மட்டும் நம்பி யந்திரம் வாங்கியோருக்கு அவ்வறிவிப்பு பேரிடியாக இருந்திருக்கும்.

புதுவை நெசவாளர்க்கு இப்பாடம் புதிதன்று. நீலச் சாயம் தோய்த்த நம் துணி ஒரு காலத்தில் கப்பலேறிச் செனகல் வரை சென்றது. ரோடியர் ஆலை என்று நம்மவர் அழைத்த ஆங்கிலோ–பிரெஞ்சு ஆலை பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது; 2020-இல் அதுவும் மூடப்பட்டது. தொலைவில் உள்ள ஒரே சந்தையையும், ஒரே வாயிலையும் நம்பி நிற்பது எத்துணை ஆபத்தானது என்பதை நம் தறிகள் அறியும்.

கரும்புச் சக்கையும் கிழிந்த துணியும்

பாகூர்ப் பக்கம் கரும்பு விளைவிப்போர்க்கு ஒரு கணக்கு. நூறு டன் கரும்பை ஆலையில் பிழிந்தால் ஏறக்குறைய முப்பது டன் ஈரச் சக்கை எஞ்சும். அதிற் பாதி நீர். எஞ்சும் நாரைக் கூழாக்கி, வலையச்சில் வார்த்து, சூட்டில் அழுத்தினால் தட்டும் பெட்டியும் கிடைக்கும். தட்டு ஒன்று இருபது கிராம் என்றால், ஒரு டன் உலர்ந்த கூழிலிருந்து ஐம்பதினாயிரம் தட்டுகள் ஆகும். கேட்க இனிக்கிறது. ஆனால் சக்கையைக் கூழாக்கப் பெருமளவு நீரும் காரமும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் வேண்டும். மேலும், சர்க்கரை ஆலைகள் அதே சக்கையை எரித்து நீராவியும் மின்சாரமும் பெறுகின்றன. ஆதலின் சக்கை விலையற்ற கழிவன்று. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை போன்ற பெரு நிறுவனங்களே கரும்புச் சக்கையிலிருந்து கூழ் எடுக்கும் தொழிலை நடத்த இயன்றது. சிறு சங்கம் கூழ்த் தாள்களை விலைக்கு வாங்கி வார்க்கலாமேயன்றித் தானே கூழ் செய்யப் புகுதல் தகாது.

கூழ் எப்படித் தட்டாகிறது என்பதை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் ஊரிலேயே 1959-இல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதத் தொழிற்சாலையில் பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் காகிதம் செய்கின்றனர். துண்டுத் துணி நீரில் அரைபட்டுப் பாலாகிறது. வலைச் சட்டத்தில் படிகிறது. அழுத்தி உலர்த்தினால் தாளாகிறது. நடுவே பசை ஏதுமின்றி, நீர் வடிய வடிய நாரும் நாரும் தாமே பற்றிக்கொள்கின்றன. பருத்தியாயினும் கரும்பாயினும் வைக்கோலாயினும் இவ்விதி ஒன்றே. தறியில் பாவும் ஊடும் பின்னுவதை நாம் கையால் செய்கிறோம்; அங்கே நீர் செய்கிறது.

எண்ணெய் ஊறாதிருக்கச் சில ஆலைகள் கூழ்த் தட்டில் ஃபுளூரின் கலந்த இரசாயனங்களைச் சேர்த்தன. அவை இயற்கையில் எளிதில் சிதையாதவை, உடலிலும் தங்குபவை. டென்மார்க் 2020-இல் அவற்றைக் காகித உணவுக் கலங்களில் தடைசெய்தது. அமெரிக்காவிலும் உணவுக் காகிதத்துக்கு அவற்றை விற்பது நின்றுவிட்டதாக 2024-இல் அறிவிக்கப்பட்டது. எனவே சக்கைத் தட்டு என்றாலே தூயது என்று கொள்ளாமல், பூச்சு யாது என்று கேட்டு வாங்குக.

மக்காச்சோள மாவிலிருந்து வரும் பாலிலாக்டிக் என்னும் பொருளும் ‘மக்கும் பிளாஸ்டிக்’ என விற்கப்படுகிறது. சுமார் 60 பாகை வெப்பத்தில் அது இளகிவிடும்; சூடான சாம்பாருக்கு ஆகாது. நன்கு மக்குவதற்கும் அதே அளவு வெப்பமுள்ள எருவாலை வேண்டும். வாய்க்காலில் விழுந்தால் நெடுங்காலம் கிடக்கும். மக்கும் பிளாஸ்டிக் செய்வோரும் விற்போரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. நெல் விளைவிப்போர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு: திருவனந்தபுரத்திலுள்ள தேசிய ஆராய்ச்சி நிலையத்தார் தானியத் தவிட்டை அழுத்தித் தட்டாக்கும் முறையை வகுத்துத் தொழில் செய்வோர்க்கு வழங்கியிருக்கின்றனர்.

நெசவாளர்க்கு இதில் இடம் உண்டா?

உண்டு. இட்டலித் துணியும் வடிதுணியும் உணவோடு தறி கொண்ட உறவுக்குச் சான்று. தேன்மெழுகு ஏற்றிய பருத்தித் துணியால் ரொட்டியையும் பழத்தையும் பொதிந்து, கழுவி, மீண்டும் பயன்படுத்துகின்றனர். வாழையிலையின் மெழுகுப் படலத்தைத் துணிக்கு அளிக்கும் உபாயமே அது. காலைதோறும் நீண்ட பிரெஞ்சு ரொட்டி விற்கும் நம் ஊரில் இதற்குச் சந்தை இல்லையென்று யார் கூறுவார்? 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் துணிப் பைக்கு மதிப்புத் தேடித் தந்தது. மீனவர் செலுத்தும் ஃபைபர் படகு கண்ணாடி நாரைப் பிசினில் தோய்த்து ஆக்கியது. அதே வழியில் வாழை நாரும் சணலும் நெய்து பிசினூட்டிய பலகைகள் செய்யும் ஆய்வும் நடைபெறுகிறது. நெய்யத் தெரிந்த கைக்குப் புதிய பொருட்களின் காலத்திலும் வேலை உண்டு.

நாம் செய்யத்தக்கவை

யந்திரம் வாங்குமுன் மூலப்பொருள் நம் வாசலில் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘செய்த பொருளை நாங்களே வாங்கிக்கொள்வோம்’ என்று யந்திரம் விற்பவர் சொன்னால், விலையும் அளவும் காலமும் எழுதிய பத்திரம் கேட்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிக் கடன் படலாகாது. உணவு படும் எந்தப் பொருளையும் விற்குமுன், அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலையில் பரிசோதித்துச் சான்று பெற வேண்டும். தனியொருவர்க்கு அச்செலவு சுமை. சங்கம் சேர்ந்து செய்தால் எளிது. கூட்டுறவின் பயன் அதுவன்றோ?

யாவற்றிலும் மேலான ஒன்றை இறுதியாகக் கூறுவோம். ஒரு முறை உண்டு எறியும் கலங்களில் சிறந்தது வாழையிலை. எறியாத கலங்களில் சிறந்தது எவர்சில்வர் தட்டு. ஐந்நூறு தட்டும் ஐந்நூறு டம்ளரும் சங்கம் வாங்கி வைத்து, அங்கத்தினர் வீட்டுத் திருமணங்களுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் குறைந்த வாடகைக்குக் கொடுத்தால், அதற்கு எந்நாட்டுத் தடையும் இல்லை, எந்தப் பூச்சும் இல்லை. இலை வேண்டுவோர்க்கு நம் தோட்டத்து இலை. தட்டு வேண்டுவோர்க்குச் சங்கத்துத் தட்டு. இவ்விரண்டையும் முதலில் செய்துவிட்டு, யந்திரத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை ஆராய்ந்து முடிவு காண்பார்களாக.