அவையறிந்து அமர்வோம்



அவையில் எழுந்து பேசுவோன் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதைத் தமிழ் நூல்கள் விரிவாகவே கற்பிக்கின்றன. திருவள்ளுவர் 'அவையறிதல்' என்னும் 72 ஆம் அதிகாரத்தையும், 'அவையஞ்சாமை' என்னும் 73 ஆம் அதிகாரத்தையும் அதற்கெனவே வகுத்துள்ளார். அவற்றுக்கு முன்பாகவே, 42 ஆம் அதிகாரத்தில், 'கேள்வி' என்று செவிச்செல்வத்தின் சிறப்பையும் கூறிவிடுகிறார். எமது தமிழ்ப் பாடசாலைகளில் முதலிரண்டையும் நாம் ஊக்கத்தோடு பயிற்றுகிறோம். பேச்சுப் போட்டி வைக்கிறோம், பரிசு கொடுக்கிறோம். கேட்டலுக்கு மட்டும் போட்டியுமில்லை, பரிசுமில்லை. அதனாற்போலும், அது எமது மண்டபங்களில் அருகி வருகின்றது. திரைப்பட மாளிகையிலும் விழா மண்டபத்திலும் பிற பொது இடங்களிலும் நாம் எவ்வாறு அமர்கிறோம் என்பதைச் சற்றுச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பங்குபற்றிய ஒரு விழாவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஔவையாரைப் பற்றிப் பேசினாள். ஆறு வாரங்களாக மனனஞ் செய்த பேச்சு அது. அவள் மேடைக்கு வந்தபோது மண்டபத்தின் பின்பாதியில் நலம் விசாரிப்புகள் நடந்துகொண்டிருந்தன. ஒருவர் கைத்தொலைபேசியிற் பேசியவாறே கதிரைகளுக்கிடையே நடந்தார். முன்வரிசையில் மூவர் எழுந்து நின்று வேறு யாருடைய பிள்ளையையோ படம் பிடிப்பது பற்றிக் கதைத்தனர். நாமும் குற்றமற்றவரல்லர், மேடையின் ஓரத்தில் அடுத்த நடனத்துக்குரிய பிள்ளைகளை வரிசைப்படுத்தியவாறு குரலுயர்த்திக்கொண்டிருந்தோம். சிறுமி பாதியில் நின்றாள்; அவையைப் பார்த்தாள்; பின்னர் மிகத் தாழ்ந்த குரலில் எஞ்சியதைச் சொல்லி முடித்தாள். பலத்த கரகோஷம் எழுந்தது. கை தட்டியவர்களிற் பலர் ஒரு சொல்லையேனும் கேட்டிருக்கவில்லை.

கீழே இறங்கி வந்து அவள் எம்மிடம் கேட்டது இதுதான்: "சேர், நான் சொன்னது பிழையோ? ஒருத்தரும் கேக்கேல்லையே?"

நன்றாகத்தான் பேசினாய் என்றோம். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு பேச்சுக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை.

அமைதி எவர்க்கும் பிறவிக்குணம் அன்று

இத்தகைய நிகழ்வுகளைக் கண்டதும், "வெள்ளையர்கள் எவ்வளவு அமைதியாக இருக்கிறார்கள், எங்கள் சனம் திருந்தாது" என்று சொல்லி வருந்துவோர் உளர். இது வரலாறு அறியாத கூற்றாகும்.

இலண்டன் மாநகரில் 1599 ஆம் ஆண்டு அமைந்த 'குளோப்' அரங்கில் சேக்ஸ்பியரின் நாடகங்கள் நடிக்கப்பட்டபோது, ஒரு பென்னி கொடுத்தோர் மேடையைச் சுற்றி முற்றத்தில் நின்றவாறே பார்த்தனர். அவர்கள் தின்றனர், குடித்தனர், பிடிக்காத நடிகரைப் பார்த்துக் கூச்சலிட்டனர். தேம்ஸ் நதிக்கரையில் 1997 இல் மீளக் கட்டித் திறக்கப்பட்ட அவ்வரங்கில் அந்த முற்றத்தை இன்றும் காணலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய இசைநாடக அரங்குகளிலோ, செல்வந்தர் தத்தம் தனிமாடங்களில் உணவருந்தினர், சீட்டாடினர், விருப்பமான பாடல் வரும்போது மட்டும் மேடையை நோக்கினர். மண்டபம் முழுவதும் விளக்கொளியில் இருந்தமையால், வந்தோர் ஒருவரையொருவர் பார்ப்பதே பெரிய பொழுதுபோக்காயிற்று.

இவ்வழக்கத்தை மாற்றியோருள் முதன்மையாகக் குறிப்பிடப்படுபவர் ஜெர்மனியின் இசையமைப்பாளர் வாக்னர். 1876 இல் பைரொய்த் நகரில் தாம் கட்டுவித்த அரங்கில் அவர் அவையோரின் பக்கத்தை இருளாக்கினார். வாத்தியக்காரரையும் கண்ணிற் படாதவாறு மேடைக்குக் கீழே அமர்த்தினார். பார்ப்பதற்கு மேடையைத் தவிர வேறெதுவும் இல்லை என்றான பின்னரே அவை மேடையைப் பார்க்கப் பழகியது.

திரைப்படத்தின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1895 டிசெம்பர் 28 ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுப் படங்காட்டியபோது அப்படங்களுக்கு ஒலியில்லை. அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஊமைப்படக் காலமே. அங்கே அவையோர் பேசுவதால் எந்த வசனமும் கெட்டுவிடவில்லை. யப்பானில் 'பென்ஷி' எனப்பட்டோர் திரையருகே நின்று கதை சொல்வதையே தொழிலாகக் கொண்டிருந்தனர். படம் பேசத் தொடங்கியதும் பார்ப்போர் பேச்சை நிறுத்தவேண்டியதாயிற்று.

ஆகவே, அமைதியாக அமர்தல் என்பது ஓர் இனத்தின் உடைமை அன்று. கலையின் இயல்பு மாற, அவையோர் கற்றுக்கொண்ட பழக்கம் அது. கற்றுக்கொள்ளக்கூடியதாயின் நாமும் கற்கலாம்.

எமது ஊரின் அவைகள்

எமது முன்னோர் அவைக்கு மதிப்பளிக்காதவர்கள் அல்லர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய மேடையின் அளவுகளை இளங்கோவடிகள் கணக்காகவே தருகிறார்: எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம். அதனுடன் நில்லாது, தூண்களின் நிழல் இடையூறாக விழாதபடி விளக்குகள் நிறுத்தப்பட்டதையும் குறிப்பிடுகிறார். ஒரு தூணின் நிழலும் காட்சியைக் கெடுக்கலாகாது என்று எண்ணிய மரபு எம்முடையது. இன்று அதே மரபினர் ஒரு கையகலக் கணினியைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்து, பின்னாலிருக்கும் மூன்று வரிசையினரின் காட்சியை மறைக்கின்றோம்.

எனினும், எமது ஊரில் வேறுவகை அவைகளும் இருந்தன. விடிய விடிய நடக்கும் கூத்துக்குப் பாயும் தலையணையும் கொண்டு சென்றோம். பிள்ளைகள் உறங்கினர், பெரியோர் கச்சான் கொறித்துக் கதைத்தனர், முக்கிய காட்சி வந்ததும் உறங்கியோரைத் தட்டியெழுப்பினர். 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின், யாரேனும் ஒருவர் வீட்டு முற்றத்தில் ஜெனரேற்றர் வைத்துப் படம் போடுவதுண்டு. ஊரே கூடியிருக்கும். அந்த இயந்திரத்தின் இரைச்சலில் வசனம் பாதிதான் கேட்கும். முன்பே பார்த்தவர் மீதியைச் சொல்லுவார். அங்கே அவ்வாறு பேசியவர் படத்தைக் கெடுத்தவரல்லர், உதவி செய்தவர்.

அவ்வாறே, பெரிய நடிகரின் புதுப்படம் வெளியாகும் முதல்நாட் காட்சியில் விசிலடிப்பதும் ஆரவாரிப்பதும் குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. அங்கே வந்தோர் அனைவரும் அதற்காகவே வந்தவர்கள். இரண்டு வாரங்களின் பின் ஓர் அமைதியான குடும்பப் படத்தின்போது அதையே செய்தால் அது குற்றம். எந்த அவை எத்தன்மையது என்று அறிந்து அதற்கேற்ப அமர்தலே கேட்போனின் அவையறிதல். முற்றத்துப் பழக்கத்தை மாற்றமின்றி மண்டபத்துக்குள் கொண்டு வந்தமையே எமது தவறு.

ஒலியும் ஒளியும்

"மெல்லத்தானே கதைத்தோம்" என்பது வழமையான விடை. மாணவர்கள் இதனைக் கணக்காகவே செய்து பார்க்கலாம்.

ஒலியின் மட்டத்தை டெசிபெல் என்னும் அலகால் அளப்பர். சாதாரண பேச்சு ஒரு மீற்றர் தொலைவில் ஏறத்தாழ 60 டெசிபெல். இரகசியக் குரல் ஏறத்தாழ 30 டெசிபெல். திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகுந்தோறும் ஒலிமட்டம் 6 டெசிபெல் குறையும். அப்படியாயின், ஒலிவாங்கியின்றிப் பேசும் பிள்ளையின் குரல் 2, 4, 8, 16 மீற்றர் எனச் சென்று பதினாறாவது மீற்றரில் 36 டெசிபெல் ஆகிவிடும். உம் காதிலிருந்து அரை மீற்றரில் ஒருவர் இரகசியம் பேசினால் அதுவும் 36 டெசிபெல். அதாவது, பின்வரிசையில் இருப்பவருக்கு மேடைப் பேச்சும் பக்கத்து இரகசியமும் சமம்! ஒலிவாங்கி இக்குறையைப் பெருமளவு தீர்க்கும் என்பது உண்மையே. ஆனால் நாம் வாடகைக்கு எடுப்பவை பெரும்பாலும் பாடசாலைகளின் விளையாட்டு மண்டபங்கள். அவற்றின் வெறுஞ் சுவரிலும் வன்தரையிலும் ஒலி மீண்டும் மீண்டும் தெறித்துச் சொற்களைக் குழப்பும். ஐம்பது பேர் மெல்லக் கதைத்தால் அது ஒரு பெரும் இரைச்சலாகவே மேடையை அடையும்.

ஒளியும் அவ்வாறே. இருளுக்குள் வந்த கண் அவ்விருளுக்கு முற்றாகப் பழக ஏறத்தாழ அரைமணி நேரம் செல்லும். இருண்ட படமாளிகையில் ஒருவர் நேரம் பார்ப்பதற்காகத் தொலைபேசியைத் திறந்தால், பின்னால் இருப்போரின் கண்கள் தாமாகவே அவ்வொளியை நோக்கித் திரும்பும். திறந்தவருக்கு அது ஒரு நொடி. பின்னால் இருப்போருக்குக் காட்சியே முறிந்துவிடும்.

2012 ஜனவரியில் நியூயோர்க் நகரில் மாலர் என்னும் இசைமேதையின் ஒன்பதாம் சிம்பனி நடைபெற்றது. அதன் இறுதிப் பகுதி மிக மெல்லிய ஒலியில் அடங்கிச் செல்லும் வேளையில் முன்வரிசைத் தொலைபேசி ஒன்று விடாது ஒலித்தது. இசைநெறியாளர் அலன் கில்பேர்ட் வாத்தியங்களை நிறுத்தி, அவ்வொலி அடங்கும்வரை காத்திருந்தார். இத்தனைக்கும் அந்நகரில் 2003 ஆம் ஆண்டே அரங்குகளில் தொலைபேசி பாவிப்போருக்கு 50 டொலர் தண்டம் விதிக்கும் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. சட்டம் மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

பேருந்திலும் தொடர்வண்டியிலும் வைத்தியரின் காத்திருப்பு அறையிலும் ஒருவர் தொலைபேசியில் உரத்துப் பேசும்போது நமக்கு எரிச்சல் உண்டாவது ஏன்? 2010 இல் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இதனை ஆராய்ந்தனர். இருவர் பேசுவது முழுமையாகக் கேட்கும்போதிலும், ஒருவரின் பாதிப் பேச்சு மட்டும் கேட்கும்போதே மனிதரின் கவனம் அதிகம் சிதறியது. விடுபட்ட மறுபாதியை மூளை ஊகிக்க முயல்வதே காரணம் என அவர்கள் விளக்கினர். எனவே, "கேட்க விருப்பமில்லையென்றால் கேளாமல் இருக்கட்டுமே" என்பது பொருந்தாது. கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை.

எல்லா ஒலியும் குற்றமாகாது என்பதையும் கூறியாக வேண்டும். கைக்குழந்தை அழும், முதியவர் இருமுவார், சில பிள்ளைகளால் அசையாதிருத்தல் இயலாது. அத்தகைய பிள்ளைகளுக்கென இந்நாட்டின் படமாளிகைகளும் அரங்குகளும் வெளிச்சத்தை முற்றாக அணைக்காமலும் ஒலியைக் குறைத்தும் தனிக்காட்சிகளை நடத்துகின்றன. இயலாதவரைப் பொறுத்தலும், இயன்றவர் அடங்கியிருத்தலும் ஒரே பண்பின் இரு பக்கங்களாம்.

பிள்ளைகள் கற்கும் பாடம்

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணத்துக்கு இப்போது வருகிறோம். எமது பிள்ளைகள் வாரநாட்களிற் செல்லும் ஆங்கிலப் பாடசாலையில் நத்தார்க்கால இசைநிகழ்ச்சி நடக்கும். அங்கே நாம் எவ்வாறு அமர்கிறோம்? நேரத்துக்குச் செல்கிறோம். தொலைபேசியை அணைக்கிறோம். எமது பிள்ளையின் பாடல் முடிந்த பின்னரும் இறுதிவரை இருந்து பிற பிள்ளைகளுக்கும் கை தட்டுகிறோம். அதே நாம், தமிழ் விழாவுக்கு ஒரு மணி நேரம் பிந்தி வருகிறோம்; கதைக்கிறோம்; எமது பிள்ளை ஆடி முடிந்ததும் உடுப்பை மாற்றி வீட்டுக்குப் புறப்படுகிறோம். கடைசி நாடகம் நடிக்கும் பிள்ளைகளுக்கு வெறுங் கதிரைகளே அவையாகின்றன.

ஆங்கில மண்டபத்தில் எம்மால் அடங்கியிருக்க முடிகிறது என்பதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஆகவே, இங்கே இயலாமை காரணமன்று என்பதும் அவர்களுக்குத் தெரியும். எந்த மொழி கேட்கப்படத் தக்கது, எந்த மொழி கேளாமல் விடத் தக்கது என்ற பாடத்தை நாம் வாய்திறந்து சொல்லாமலே அவர்களுக்குக் கற்பித்துவிடுகிறோம். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் வகுப்பில் நாம் கற்பிப்பதைவிட அப்பாடம் ஆழமாகப் பதியும். தமிழைப் பேசு, பேசு என்று பிள்ளையை வற்புறுத்துகிறோம். பேசும்போது கேட்பதற்கு நாம் இல்லையெனில் அது எவரிடம் பேசும்?

இன்றே செய்யத்தக்கவை

1. குறித்த நேரத்துக்கு முன்பாக வந்து அமர்வோம். பிந்தினால், நடைபெறும் நிகழ்ச்சி முடியும்வரை வாயிலில் நின்று, பின்னரே இருக்கைக்குச் செல்வோம்.

2. தொலைபேசியை அணைத்து வைப்போம். அவசர அழைப்பாயின் வெளியே சென்று பேசுவோம்.

3. படம் பிடிப்போர் இருந்தவாறே, நெஞ்சளவிற் பிடிப்போம். முழு நிகழ்ச்சியையும் திரையினூடாகப் பார்க்காது, ஒரு படம் எடுத்தபின் கண்ணாற் பார்ப்போம். மேடையிலுள்ள பிள்ளை தேடுவது எமது முகத்தையே.

4. குழந்தை அழுதால் சற்று வெளியே கொண்டுசென்று ஆற்றி வருவோம். அவ்வாறு செல்வோரை எவரும் முகஞ் சுளித்துப் பார்க்கவேண்டாம்.

5. நீண்ட நாட்களின் பின் சந்திக்கும் உறவுகளோடு கதைக்க விரும்புவது இயல்பே. விழாவின் பாதிப் பயன் அதுதான். அதற்கு இடைவேளை உண்டு. வடையும் ரோல்ஸும் தேநீரும் அங்கேதான் இருக்கின்றன.

6. மாணவர்களே, பக்கத்தில் ஒருவர் கதைத்தால் அதட்டாதீர்கள். "அன்ரி, தங்கச்சி பேசுறா, கேட்பமே" என்று பணிவாகச் சொல்லுங்கள். பெரியோர்களே, பிள்ளை அவ்வாறு சொன்னால் கோபியாதீர்கள்.

7. எமது பிள்ளையின் நிகழ்ச்சி முடிந்தாலும் கடைசிப் பிள்ளையின் நிகழ்ச்சி முடியும்வரை இருப்போம்.

ஆசிரியர்களாகிய நாம் மேடையின் ஓரத்தில் குரலுயர்த்துவதில்லை என இவ்வாண்டு உறுதி பூண்டுள்ளோம் என்பதையும் இங்கே பதிவு செய்கின்றோம்.

இம்மலர் உங்கள் கைக்கு வரும் வேளையில் மேடையில் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கலாம். அவ்வாறாயின், அன்புகூர்ந்து இதனை மூடி மடியில் வைத்துவிட்டு அப்பிள்ளையைக் கேளுங்கள். எஞ்சியதை வீட்டிலே படித்துக்கொள்ளலாம்.

வாழ்க தமிழ்! வளர்க எம் பிள்ளைகள்!