பழவேற்காட்டுப் படகுச் சவாரியும் நஷ்ட ஈட்டு உரிமையும்

பொன்னேரி வட்டாரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் சென்ற மாதம் நாம் கணக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் வலக்கையில் கட்டுடன் வந்து நின்றார். இடக்கையில் ஒரு காகிதம். "ஐயா, இதில் நான் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார். வாங்கிப் படித்தோம். ரூபாய் 10,000 பெற்றுக்கொண்டதாகவும், நேர்ந்த காயம் பற்றி இனி எக்காலத்தும் எவ்விதக் கோரிக்கையும் தமக்கு இல்லை என்றும் அவர் எழுதிக் கொடுப்பதாக அதில் கண்டிருந்தது.

நடந்தது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குடும்பத்துடன் பழவேற்காட்டிற்குச் சென்றிருக்கிறார். தலைக்கு 100 ரூபாய் கூலி பேசி, இயந்திரம் பொருத்திய மீன்பிடி படகொன்றில் 14 பேர் ஏறி, ஏரியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். கரையில் கயிறு கட்டுமுன் அனைவரையும் இறங்கச் சொல்லிவிட்டார்கள். அலை ஒன்று வந்து படகைத் தூக்கித் துறைச்சுவரின்மீது மோத, பிடிமானத்திற்காகப் படகின் விளிம்பைப் பற்றியிருந்த நமது அங்கத்தினரின் இரண்டு விரல்கள் இடையிற் சிக்கி நசுங்கின. படகுக்காரர் கெட்டவர் அல்லர். அவரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று, முதல் நாள் செலவையும் ஏற்றிருக்கிறார். அவர் குப்பத்து மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர். அச்சங்கத்திற்கும் நமது இதழ் செல்கிறது. ஆகவே, இக்கட்டுரையை இரு தரப்பாரும் படிப்பார்கள் என்பதை அறிந்தே எழுதுகிறோம்.

பழவேற்காட்டிற்கும் நெசவுக்கும் உள்ள உறவு பழையது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் அங்கே கோட்டை கட்டி அமர்ந்ததற்கு நம் நாட்டுத் துணிகளே முக்கிய காரணம். இன்றோ நெசவாளரும் விவசாயிகளும் விடுமுறை நாட்களில் அங்கே செல்வது கடலையும் ஏரியையும் பறவைகளையும் காண்பதற்காக. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவிற்கு அடுத்த பெரிய ஏரி இது. பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. கடலோடு கலக்கும் தென்முகத்துவாரம் நம் பக்கத்தில் உள்ளது. பார்வைக்கு ஏரி அமைதியாகத் தோன்றும். ஆனால் முகத்துவாரத்தில் மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டேயிருக்கும். கடல் அலையும் ஏரி நீரோட்டமும் எதிரெதிராக வந்து மோதும். குப்பத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இவ்விஷயத்தை நகரத்திலிருந்து வருகிறவர் அறியார்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்துமஸ் விடுமுறையன்று, அவ்வேரியில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். குழந்தைகளும் பெண்களுமாகச் சென்ற கூட்டம் அது. அதன்பின் அங்கே படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. தடை ஒருபுறமிருக்க, கூலிக்கு ஆள் ஏற்றும் வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை என்பதற்கு நமது அங்கத்தினரின் கட்டுப்போட்ட கையே சாட்சி.

இனி, சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைப் பார்ப்போம். பொது இடத்தில் காயம்பட்டவர் எவரும் நஷ்ட ஈடு பெறலாம் என்று எண்ணுவது தவறு. எவரும் பெற முடியாது என்று எண்ணுவது அதனினும் பெரிய தவறு. கடல் அலை ஒருவரைப் புரட்டிவிட்டால் கடலின்மீது வழக்குத் தொடர இயலாது. வேறொருவர் காட்டவேண்டிய கவனத்தைக் காட்டாமையால் காயம் நேர்ந்ததா என்பதே முதற்கேள்வி. இரண்டாவது கேள்வி, நாம் பணம் கொடுத்து ஒரு சேவையைப் பெற்றோமா என்பது.

பணம் கொடுத்திருந்தால் நாம் 'நுகர்வோர்' ஆகிவிடுகிறோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவையிற் குறைபாடு நேர்ந்தது என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். படகுக்காரரிடம் உரிமம் இல்லை என்பதோ, அவர் சிறு தொழிலாளி என்பதோ அவருடைய பொறுப்பை நீக்கிவிடாது. நாம் கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வரையில் முறையீட்டுக்குக் கட்டணம் ஏதும் இல்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பது இப்புதிய சட்டம் தந்த பெரிய சௌகரியம். வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதில்லை. ஆனால் சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட்டாக வேண்டும். தாமதத்திற்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கக்கூடும். அதை நம்பிக் காலம் கடத்துவது புத்திசாலித்தனம் ஆகாது.

கட்டணம் ஏதுமின்றிக் கடற்கரையில் நடந்து செல்லும்போது, இடிந்த படித்துறையிலோ மூடாத பள்ளத்திலோ விழுந்து கால் முறிந்தால், அவ்விடத்தைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்று முதலில் கண்டறிய வேண்டும். ஊராட்சியா, அரசு இலாகாவா, குத்தகைக்காரரா? ஆள் தெரிந்தபின் சிவில் கோர்ட்டில் வழக்கிடலாம். அரசின்மீது வழக்கிடுவதாயின், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி 2 மாத முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும். அலட்சியம் வெளிப்படையாகத் தெரியும் சம்பவங்களில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவின் மூலமாகவும் நஷ்ட ஈடு கிடைத்திருக்கிறது. 2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹிமாசலப் பிரதேசத்தில், அணை நீரை எச்சரிக்கையின்றித் திறந்துவிட்டதனால் பியாஸ் நதியில் ஹைதராபாத் மாணவர் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டனர். குடும்பம் ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2016இல் அம்மாநில உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அணையை நடத்திய மின்வாரியம், மாணவரை அழைத்துச் சென்ற கல்லூரி, மாநில அரசு ஆகிய மூன்றின்மீதும் அப்பொறுப்பு பகிர்ந்து சுமத்தப்பட்டது. குற்றம் ஒருவருடையதாகவே இருக்கவேண்டும் என்பதில்லை என்பதற்கு இது உதாரணம்.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் கோவளத்தில் உண்டு. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டலில் 2006இல் தங்கியிருந்த விருந்தினர் ஒருவர் நீச்சற்குளத்தில் மூழ்கி இறந்தார். உயிர் காக்க நியமிக்கப்பட்டவருக்கு மதுக்கூடத்தில் பரிமாறும் வேலையும் கொடுக்கப்பட்டிருந்தது! தேசிய நுகர்வோர் ஆணையம் விதித்த 62 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈட்டை 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நீரில் மக்களை இறக்கிக் காசு வாங்குகிறவர், அவர்களைப் பத்திரமாகக் கரையேற்றும் கடமையையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்.

எதிர்த்தரப்பாரும் வாதம் இல்லாமல் இரார். "உட்காரச் சொன்னோம், எழுந்து நின்றார்". "வேண்டாம் என்றும் முகத்துவாரத்திற்கு ஓட்டச் சொன்னார்" என்பார்கள். அது மெய்யானால், காயம்பட்டவரின் கவனக்குறைவு எத்தனை பங்கு என்று கணக்கிட்டு அத்தனை பங்கைக் கழிப்பார்கள். முழுவதையும் தள்ளிவிடுவது அபூர்வம். நமது அங்கத்தினரோ இறங்கச் சொன்னபோதுதான் இறங்கினார்.

இப்பொழுது தொகையின் விஷயத்திற்கு வருவோம். இங்கேதான் நெசவாளர் பெரிதும் ஏமாந்துபோகிறார்கள். மருந்துச் செலவு 9,000 ரூபாய், கைக்கு வந்தது 10,000 ரூபாய், ஆயிரம் லாபம் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள்! விரல் எலும்பு கூடிவிட்டாலும் நெசவாளிக்கு விரல் திரும்பிவிட்டது என்று பொருளல்ல. அறுந்த இழையை எடுத்து முடி போடுவதற்கு விரல் நுனியில் உணர்ச்சியும் வளைவும் வேண்டும். டாக்டர் 8 சதவிகித ஊனம் என்று எழுதக்கூடும். தறியில் அது 20 சதவிகித இழப்பாக முடியலாம். உச்ச நீதிமன்றம் 2010இல் ஒரு மோட்டார் விபத்து வழக்கில் இதனைத் தெளிவாக விளக்கியுள்ளது: ஒரு கையை இழந்த தச்சருக்கு ஏறக்குறைய முழுச் சம்பாத்தியமும் போய்விடலாம், அதே கையை இழந்த அரசாங்கக் குமாஸ்தாவின் சம்பளம் குறையாமலே இருக்கலாம், ஆகவே உடலின் ஊனத்தை மட்டும் பாராது, தொழிலுக்கு நேர்ந்த நஷ்டத்தைப் பார்க்கவேண்டும் என்றது.

கணக்கைப் போட்டே காட்டுகிறோம். நெசவாளிக்கு வயது 38, மாதக் கூலி 10,000 ரூபாய், ஆண்டுக்கு 1,20,000 என்று கொள்வோம். மோட்டார் விபத்து வழக்குகளில் 36 முதல் 40 வயது வரை உள்ளவர்க்கு 15 என்ற பெருக்கெண்ணை வழங்குகிறார்கள். மற்ற வழக்குகளிலும் இதை வழிகாட்டியாகக் கொள்வதுண்டு. சம்பாத்திய இழப்பு 8 சதவிகிதமானால் ஆண்டுக்கு 9,600. பெருக்கினால் 1,44,000 ரூபாய். 20 சதவிகிதம் என்று நிரூபித்தால் ஆண்டுக்கு 24,000. பெருக்கினால் 3,60,000 ரூபாய். வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி, வைத்தியம், போக்குவரத்து, பட்ட வேதனை ஆகியவை தனி. தறி நின்றால் தார் சுற்றும் மனைவியின் வேலையும் நின்றுவிடுகிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஆனால் அதனைக் கோர்ட்டில் நிலைநாட்டுவது எளிதன்று. 3,60,000 கிடைத்தே தீரும் என்றும் நாம் சொல்லவில்லை. 10,000 ரூபாய்க்குக் கையெழுத்திடுமுன் இக்கணக்கையும் எதிரில் வைத்துப் பார்க்கவேண்டும் என்கிறோம்.

மாதக் கூலி 10,000 என்பதற்கு ருஜு எங்கே? இங்கேதான் கூட்டுறவுச் சங்கம் கைகொடுக்கிறது. தனியார் முதலாளியிடம் நெய்கிறவரிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இராது. சங்கத்திலோ நூல் கொடுத்த பதிவேடு, துணி வாங்கிய பதிவேடு, கூலிப் பட்டியல், சேமிப்பு நிதிப் பிடித்தம் எல்லாம் தேதிவாரியாக இருக்கின்றன. அவற்றின் நகலைச் செயலாளர் ஒப்பமிட்டுத் தந்தால் அது மறுக்கமுடியாத சாட்சி. மீனவர் சங்கத்தின் மீன் விற்பனைக் கணக்கும் அப்படியே. ஆனால் ஒரு குறையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஒருவர் நெய்த துணியை மைத்துனர் பேரிலோ மனைவி பேரிலோ எழுதும் பழக்கத்தை நாம் ஆய்வுகளில் காண்கிறோம். கேட்டால், "வீட்டுக்குள் தானே ஐயா" என்பார்கள். நமது அங்கத்தினரின் கூலியிலும் ஆறு மாதப் பகுதி தம்பியின் பேரில் இருந்தது! அந்த ஆறு மாதத்திற்கு அவர் தறியில் உட்கார்ந்தார் என்பதற்கு இப்பொழுது வேறு சாட்சி தேடிக்கொண்டிருக்கிறோம்.

மற்ற தஸ்தாவேஜுகள் அதிகமில்லை. ஆஸ்பத்திரியில் எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகலும் காயச் சான்றும் வேண்டும். 'தவறி விழுந்தார்' என்று எழுதிவிடாமல், 'படகுக்கும் துறைச்சுவருக்கும் இடையில் நசுங்கியது' என்று நடந்ததை நடந்தபடியே சொல்லி எழுதச் செய்யவேண்டும். போலீஸ் நிலையத்தில் எழுதிக்கொடுத்து ரசீது பெறவேண்டும். உடன் வந்தவர்களின் பெயர், படகின் எண், துறையின் புகைப்படம் ஆகியவற்றைச் சேகரிக்கவேண்டும். படகுக் கூலிக்கு எவரும் ரசீது தருவதில்லை. ஆனால் செல்பேசி வழியே பணம் செலுத்தியிருந்தால் அக்குறிப்பே ரசீது ஆகும். ஊனச் சான்றுக்குக் காயம் முழுதும் ஆறும்வரை பொறுத்திருப்பது நல்லது.

உயிரிழப்பு நேர்ந்தால், 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் வழக்கிடலாம். கெடு 2 ஆண்டுகள். அரசு கொடுக்கும் நிவாரணத் தொகை கருணையால் கொடுப்பது; அதைப் பெற்றதனால் மட்டும் நஷ்ட ஈட்டு உரிமை போய்விடாது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெருவிபத்தில் சிக்கியோர் முதலியோருக்குச் சட்டப் பணிகள் குழு வருமானம் பாராது இலவசமாக வக்கீல் அமர்த்திக் கொடுக்கும்.

படகுக்கார அன்பர்களுக்கும் சில வார்த்தைகள். மீன்வளத் துறையின் குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்திற்கும் முழு நிரந்தர ஊனத்திற்கும் 5 லட்சம் ரூபாயும், பகுதி ஊனத்திற்கு 2½ லட்சமும் கிடைக்கும். மீனவர் பிரீமியம் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் அது மீனவருக்கான காப்பீடு. நீங்கள் ஏற்றும் பயணிக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது. அவருக்குத் தரவேண்டியது உங்கள் படகிலிருந்தும் வலையிலிருந்தும் இயந்திரத்திலிருந்தும்தான் வரவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் 14 பேரிடம் வாங்கும் 1,400 ரூபாய்க்காக நீங்கள் அடகு வைப்பது எது என்பதை எண்ணிப் பாருங்கள். ஏரியில் யார் எந்நாளில் எவ்விடத்தில் வலை போடலாம் என்று 'பாடு' முறை வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பாடு காத்த குப்பங்கள், ஆள் ஏற்றும் விஷயத்தில் மட்டும் ஏன் ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொள்ளவில்லை என்பது நமக்கு விளங்காத புதிர். பயணிகளை ஏற்றும் இயந்திரப் படகுக்குப் பதிவும் தகுதிச் சான்றும் காப்பீடும் வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் விதிக்கிறது. அரசு அனுமதியுடன் சங்கத்தின் பேரில் இவற்றைப் பெற்று, மிதவைச் சட்டைகளுடன் நடத்துவதானால் அது வேறு விஷயம்.

அந்தக் காகிதம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நமது அங்கத்தினர் கையெழுத்திடவில்லை. நாம் படகுக்காரரையும் நேரில் சென்று பார்த்தோம். அவரும் அதை எழுதியவர் அல்லர். யாரோ எழுதிக் கொடுத்ததை நம்பிக் கொண்டுவந்தவர். "என் கையில் இருப்பது இவ்வளவுதான் ஐயா" என்றார். அது உண்மையாகவே தோன்றிற்று. 10,000 ரூபாயை 'வைத்தியச் செலவின் பொருட்டு முன்பணமாக' என்று வேறொரு ரசீது எழுதி, இரு சங்கச் செயலாளர்களும் சாட்சிக் கையெழுத்திட, அவர் கொடுக்க இவர் பெற்றுக்கொண்டார். பாக்கியை இரு சங்கத்தாரும் கூடி உட்கார்ந்து, தவணை முறையில் பேசித் தீர்க்க ஒரு நாள் குறித்திருக்கிறார்கள். தீராவிடில் முறையீடு செய்வதற்கு இன்னும் 22 மாதங்கள் இருக்கின்றன. கெடு முடியும் தேதியைச் சங்க அலுவலகத்து நாட்காட்டியின் பின்புறத்தில் செயலாளர் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.