பூனைக்குட்டி வந்த வீட்டில் உல்லன் நூல்

கைப்பின்னல் நடக்கிற வீட்டுக்குப் பூனைக்குட்டி ஒன்று புதிதாக வந்து சேர்ந்தால், முதலில் இடம் மாற வேண்டியது நூல். காலண்டர் படங்களில் உல்லன் உருண்டையை உருட்டி விளையாடும் குட்டி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கால்நடை மருத்துவர்களுக்கு அந்தப் படம் குடலில் சிக்கிய நூலைத்தான் நினைவூட்டும். பின்னலும் பூனையும் ஒரே வீட்டில் இருக்க முடியாது என்பதில்லை. நூலைப் பற்றியும் பூனையின் உடலைப் பற்றியும் சில விஷயங்கள் தெரிந்திருந்தால் போதும்.

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லிக்கும் குன்றத்தூருக்கும் இடையில் இருக்கும் மாங்காட்டில் ஸ்வெட்டர் போடுகிற குளிர் எப்போதாவதுதான் வரும். மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். இங்கே உல்லன் பின்னல் நடப்பதற்குக் காரணம் குளிர் மட்டுமல்ல. பிறந்த குழந்தைக்குக் குல்லாவும் சாக்ஸும், ஊட்டிக்கோ திருமலைக்கோ போகும்போது பெரியவர்களுக்கு ஒரு சால்வை, வாசல் தோரணம், சோபா முதுகில் விரிக்கும் பூவேலைத் துணி, ஒரு காலத்தில் டி.வி.க்குப் போட்ட உறை, இப்போது யானை, முயல் பொம்மைகள் என்று அதன் உருப்படிகளே வேறு. வயர் கூடை பின்னிப் பழகிய கைகளுக்கு இது புது வேலையும் அல்ல.

ஊசியும் நூலும் கொண்ட இந்த வேலைகள் தென்னிந்திய வீடுகளுக்குள் பரவியதில் கிறிஸ்தவ மிஷனரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். ஆந்திராவின் நரசாபுரத்தில் அதே நூற்றாண்டில் வேரூன்றிய குரோஷா லேஸ் வேலை இன்றும் அங்கே குடிசைத் தொழில். பிறகு கான்வென்ட் பள்ளிகளும் தையல் டீச்சர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். அண்மைக் காலத்தில் சென்னையின் பெயரை இந்தக் கலையில் உலகறியச் செய்தது சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழு. 2016 ஜனவரி 31 அன்று அவர்கள் சென்னையில் விரித்த குரோஷா போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர். அது கின்னஸ் சாதனையானது. வெயிலுக்குப் பெயர்போன ஊரில் போர்வைக்கு உலக சாதனை என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

பின்னலில் இரண்டு வழிகள் உண்டு. நிட்டிங் என்பது இரண்டு ஊசிகளில் செய்வது. ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியின் மேல் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக மற்ற ஊசிக்கு மாற்றும்போது அடுத்த வரிசை உருவாகிறது. நிட், பர்ல் என்ற இரண்டே கண்ணிகளை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் இத்தனை வடிவங்களும் வருகின்றன. திருப்பூர் பனியனும் இதே கண்ணி முறைதான், அங்கே நூற்றுக்கணக்கான ஊசிகளை இயந்திரம் ஆட்டுகிறது. குரோஷாவுக்கு நுனியில் கொக்கி உள்ள ஒரே ஊசி. அதில் பெரும்பாலும் ஒரு கண்ணிதான் திறந்திருக்கும், முந்தையவை எல்லாம் முடிச்சிட்டு மூடப்பட்டவை.

பூனை உள்ள வீட்டில் இந்த வித்தியாசம் பெரிது. குட்டி ஓடிவந்து நிட்டிங் ஊசியை உருவிவிட்டால் எண்பது கண்ணிகள் ஒரேயடியாகக் கழன்று நிற்கும். அவற்றில் ஒன்று இழுபட்டாலும் வரிசைக்குக் கீழ் வரிசையாக ஏணி போல இறங்கிவிடும். குரோஷா ஊசி விழுந்தால் ஒரு கண்ணிதான் போகும், நூலைப் பிடித்து இழுத்தாலும் சில அங்குலம் பிரியும், எடுத்துத் திரும்பப் போடலாம். குட்டி வந்த முதல் சில மாதங்களுக்கு ஸ்வெட்டரை ஒதுக்கிவிட்டுச் சின்னக் குரோஷா வேலைகளில் இறங்குவதே புத்திசாலித்தனம்.

நூல் வாங்குவதிலும் ஊரின் தட்பவெப்பத்தைப் பார்க்க வேண்டும். ஃபேன்சி ஸ்டோர்களில் ‘உல்லன்’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் நூல். விலை குறைவு, பூச்சி அரிக்காது, வாஷிங் மெஷினில் போடலாம். ஆனால் மே மாதத்தில் மடியில் வைத்துக்கொள்ள முடியாது. கோடையில் பருத்தி நூலே கைக்கு இதம். நிட்டிங் ஊசிகளைப் பல கடைகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் நம்பரில்தான் கேட்க வேண்டும். அதில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும்: 8-ஆம் நம்பர் 4 மில்லிமீட்டர், 10-ஆம் நம்பர் 3.25 மில்லிமீட்டர்.

அசல் கம்பளி நூலோடு பாச்சை உருண்டை போட்டுப் பீரோவில் வைப்பது பல வீடுகளில் பழக்கம். அதில் உள்ள நாப்தலின் பூனைக்கு விஷம், ஓர் உருண்டையை நக்கி விழுங்கினால்கூட ஆபத்து. உருட்டி விளையாடத் தோதான வடிவம் வேறு. நூலை வெயிலில் காயவைத்து, ஜிப் உள்ள பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடிவைப்பது போதுமானது.

குட்டிகள் வந்து சேரும் வழி பெரும்பாலும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடியோ, நிறுத்திவைத்த வண்டியின் அடியோ, பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டிய மணல் குவியலோதான். தனியாகக் கத்தும் குட்டியைக் கண்டதும் தூக்கிவிடக் கூடாது. தாய்ப்பூனை ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்வி இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். தென்கலை வைணவர்கள் சரணாகதிக்குச் சொல்லும் மார்ஜார நியாயமே இந்தக் காட்சியிலிருந்து பிறந்ததுதான்: குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாய் தூக்கிக்கொள்கிறது. சில மணி நேரம் தள்ளி நின்று பார்த்தபின், தாய் வரவில்லை என்றால் எடுத்துக்கொள்ளலாம். முறையாகத் தத்தெடுக்க விரும்புகிறவர்களுக்குப் புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் உண்டு. விமானி கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் சென்னையில் தொடங்கியது அது.

வந்த குட்டியின் வயதை எடையால் ஊகிக்கலாம். பிறக்கும்போது சுமார் 100 கிராம், பிறகு மாதத்துக்கு ஏறத்தாழ 450 கிராம் கூடும். கண் திறப்பது ஏழு முதல் பதினான்கு நாளுக்குள். நாலு வாரம் வரை பால்தான் உணவு. ஆனால் பசும்பால் வேண்டாம், அதன் லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் பேதியாகும். மருந்துக் கடையிலோ செல்லப்பிராணிக் கடையிலோ கிடைக்கும் பூனைக்குட்டிப் பால்மாவைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். அதன்பின் உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி, மீன், முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, குழம்பில் போட்ட மீன் ஆகாது.

சைவ வீடுகளில் இங்கே ஒரு சங்கடம் வரும். தயிர்சாதத்தில் வளரும் பூனைகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட பூனை வெளியே எலியும் பல்லியும் பிடித்துத் தின்கிறது என்பதே பெரும்பாலும் உண்மை. வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கு அந்த வழியும் இல்லை. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் தேவைக்கு ஏற்பத் தயாரித்துக்கொள்ளாது, அது இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். டாரின் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளரும். அசைவம் சமைக்க விரும்பாத வீட்டில் கடையில் விற்கும் பூனை உணவே வழி.

நூலுக்கு வருவோம். பூனையின் நாக்கில் உள்ள கூரிய முட்கள் எல்லாம் தொண்டைப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. எலும்பிலிருந்து இறைச்சியைச் சுரண்டவும் மயிரைக் கோதவும் அவை உதவும். ஆனால் வாய்க்குள் போன நூலைத் துப்ப விடாது, அசைய அசைய உள்ளேதான் தள்ளும். விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டிக்கொண்டால், மறுமுனையைக் குடல் தன் அசைவால் இழுத்துக்கொண்டே போகும். நூல் வராது, குடல்தான் நூலின் மேல் ஏறிச் சுருங்கும், நாடா கோத்த பாவாடை இடுப்பு சுருங்குவது போல. இறுகிய நூல் குடல் சுவரை அறுத்துவிடவும் கூடும்.

வாந்தி, சாப்பிடாமை, மூலையில் ஒடுங்கிக் கிடப்பது ஆகியவை அறிகுறிகள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நீட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்கவே கூடாது, உள்ளே இருக்கும் பகுதி கத்தியாகும். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எக்ஸ்ரேயில் நூல் நேரடியாகத் தெரியாது, குடல் கொத்தாகச் சுருண்டிருப்பதை வைத்தும் அல்ட்ராசவுண்டு பார்த்தும் கண்டுபிடிப்பார்கள். அதன்பின் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். தையல் நூல், பூக்கட்டும் நூல், காற்றாடி நூல், பரிசுப் பொட்டலத்தின் ரிப்பன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஊசியோடு கூடிய தையல் நூல் எல்லாவற்றிலும் மோசம். சாமி படத்துப் பூச்சரத்தைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பின்னிக்கொண்டிருக்கும்போது நூல் உருண்டை தரையில் உருளக் கூடாது. வயர் கூடையில் வைத்தாலும் இடுக்கு வழியே குட்டியின் நகம் போய்விடும். மூடியில் துளையிட்ட பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நன்றாக உதவும்: உருண்டை உள்ளே சுழலும், நூல் மட்டும் துளை வழியே வரும். எழுந்து போகும்போது வேலையை ஊசியோடு டப்பாவில் போட்டு மூட வேண்டும். வெட்டிய நூல் முனைகளைக் கையோடு ஒரு டப்பியில் சேர்த்து, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட வேண்டும். பூனைகள் விடியலிலும் அந்தியிலும்தான் துடிப்பாக இருக்கும், மதியத்தில் அடித்துப்போட்டது போலத் தூங்கும். சமையல் முடிந்த மதியமே வீட்டில் பின்னலுக்கும் வாய்த்த நேரம் என்பது நல்ல பொருத்தம்.

குட்டிக்கென்று பொம்மை பின்னுவதில் தவறில்லை. கண்ணி இறுக்கமாக இருக்க வேண்டும். பட்டன் கண், நூல் மீசை, தொங்கும் வால் எதுவும் கூடாது. உள்ளே பஞ்சுக்குப் பதில் துணித் துண்டை வைப்பது நல்லது. காலி மனைகளில் முளைக்கும் குப்பைமேனியின் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து உரசிப் புரளும். பூனைவணங்கி என்றே அதற்கு இன்னொரு பெயர் உண்டு. வேடிக்கைதான், ஆனால் செடியில் நச்சுப் பொருளும் இருப்பதால் பொம்மைக்குள் வைத்துத் தைக்க அது உகந்ததல்ல. நகம் கூர்தீட்ட ஒரு கட்டையில் தேங்காய் நார்க் கயிறு இறுக்கிச் சுற்றிக் கொடுத்தால் சால்வையின் கண்ணிகள் பெரும்பாலும் தப்பும்.

மடியில் கிடக்கும் போர்வையைக் குட்டி முன்கால்களால் மாறி மாறி அழுத்துவது, பால் குடிக்கும்போது தாயின் மடியை அழுத்திய பழக்கத்தின் தொடர்ச்சி. சில குட்டிகள் கம்பளியை வாயில் வைத்துச் சப்பவும் செய்யும். சயாமிய இனத்திலும், சீக்கிரமே தாயைப் பிரிந்த குட்டிகளிடமும் இது அதிகம். வெறுமனே சப்பினால் கவலையில்லை. மென்று தின்னத் தொடங்கினால் துணியை எடுத்துவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வீட்டு மருந்துகளில் மிகக் கொடியது பாராசிட்டமால். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி ஒரு வளர்ந்த பூனையையே கொல்லக்கூடும். அதை முறிக்கும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. கருப்பு பினாயில் ஆகாததற்கும் அதுவே காரணம்: துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பூனை தன் காலை நக்கும். நாய்க்கு உண்ணி போகப் போடும் பெர்மெத்ரின் மருந்தையும் அருகில் கொண்டுவரக் கூடாது.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டும். மூன்று மாதம் முடிந்தபின் வெறிநோய்த் தடுப்பூசி. அதற்குள் குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனால் அங்கே ஊசி இலவசம். அறுவை சிகிச்சை வரை செய்யக்கூடிய பெரிய இடம் வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கல்லூரி தொடங்கியது 1903-இல். மாங்காட்டிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர்.

பெண் குட்டி நாலு மாதத்திலேயே சினையாகக்கூடும், சினைக்காலம் ஒன்பது வாரம். நம் ஊரில் பகல் வெளிச்சம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறாததால் ஈற்றுப் பருவத்துக்கு ஓய்வே இல்லை. ஐந்து மாதத்துக்குள் கருத்தடை செய்துவிடுவதே நல்லது. அறுவை முடிந்து பத்து நாள் குட்டி தையலை நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்தத் தையலும் நூல்தான்.