பழைய டி.வி.எஸ் 50 மேட்டில் ஏன் திணறுகிறது?

1980-இல் ஓசூரிலிருந்து வந்த வண்டி டி.வி.எஸ் 50. இன்று அதைப் பழைய விலைக்கு வாங்கி வீட்டிலேயே சீர்செய்பவர்களின் முதல் புகார், தொப்பூர் மேட்டில் இழுக்கவில்லை என்பது.

பெரும்பாலும் குற்றவாளி கரி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்தே எரிகிறது. முழுதாக எரியாத ஆயில், சிலிண்டரில் புகை வெளியேறும் துளையிலும் சைலன்சரிலும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். வழி குறுகினால் பழைய புகை உள்ளேயே தங்கும். புதுக் கலவைக்கு இடமிருக்காது. ஹெட்டையும் சைலன்சரையும் கழற்றி, பிஸ்டனை அடிவரை இறக்கி, மரக்குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், கீறல் விழும். உதிர்ந்த தூளை ஊதி எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகும் இழுவை போதாதென்றால் பின் ஸ்பிராக்கெட்டை மாற்றுவார்கள். 36 பல்லுக்குப் பதில் 40 போட்டால் இழுவை சுமார் 11 சதவீதம் கூடும். அதே எஞ்சின் சுற்றில் வேகம் 10 சதவீதம் குறையும். இலவசமாக எதுவும் வராது.

எஞ்சினையே மாற்ற ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஸ்பானரை எடுங்கள்.