மெழுகுவர்த்திக்கு ஒரு துளை

மெழுகுவர்த்தியை ஏற்றத் தெரியாதவர் இல்லை. அதை நிறுத்தத் தெரிந்தவர் மிகச் சிலரே. உருகிய மெழுகில் இரண்டு சொட்டைத் தரையில் விட்டு அதன்மேல் வர்த்தியை அழுத்தி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். சிலர் தம்ளரைக் கவிழ்த்து அதன் முதுகில் நிறுத்துவார்கள். தீப்பெட்டியின் மேலேயே நிறுத்தியதையும் கண்டிருக்கிறேன். நெருப்புக்கு அடியில் நெருப்புக்குச்சிகளை அடுக்கி வைக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும்!

நான் வசிப்பது திருப்பூர் காதர்பேட்டையில். இங்கே துணி இல்லாத மூலை கிடையாது. கடையில் பனியன் அடுக்கு. சந்தில் வெட்டுத்துணி மூட்டை. வீட்டுக்குள் பிசிறு வெட்டுவதற்கென்று வாங்கி வந்த உருப்படிகளின் குவியல். 2008 ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. 2012 இல் எங்கள் வட்டாரத்தில் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இராது. அந்தக் குவியல்களின் நடுவே ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு என் மாணவர்கள் பரீட்சைக்குப் படித்தார்கள். 2023 ஜூன் மாதத்தில் காதர்பேட்டைப் பனியன் சந்தையில் ஏறக்குறைய 50 கடைகள் ஓரிரவில் எரிந்து போயின. அதற்கும் மெழுகுவர்த்திக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. பருத்தித் துணி எவ்வளவு விரைவாக எரியும் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துக் காட்ட வேண்டியதில்லை என்பதற்காகவே அதைச் சொன்னேன். ஆகையால், ஒரு மரத்துண்டில் மெழுகுவர்த்திக்கு எப்படித் துளையிடுவது, அதற்கு எந்த அலகைத் தேர்ந்தெடுப்பது என்பது சின்ன விஷயமாகத் தோன்றினாலும் விளையாட்டுக் காரியமன்று.

துளைக்கும் கருவியைப் பழைய தமிழில் துறப்பணம் என்றும் தமர் என்றும் சொல்வார்கள். அதன் முனையில் மாட்டும் வெட்டும் பகுதியைத்தான் இங்கே அலகு என்கிறேன். ஆனால் இரும்புக் கடையில் போய் அலகு என்று கேட்டால் விழிப்பார்கள். 'பிட்' என்று கேட்டால் உடனே எடுத்து வைப்பார்கள்.

துளையிடும் கலை நொய்யல் கரைக்குப் புதிதன்று. திருப்பூரைக் கடந்து கிழக்கே செல்லும் நொய்யலின் கரையில், சென்னிமலைக்கு அருகில், கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இவ்வூரே என்பது அறிஞர் கருத்து. 1985 ஆம் ஆண்டு முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் பளிங்கு, பச்சைக்கல், சூதுபவளம் முதலிய கல்மணிகள் கிடைத்தன. முடிந்த மணிகளோடு முடியாத மணிகளும் அங்கே கிடைத்திருப்பதால், அது மணி செய்யும் பட்டறை இருந்த ஊர் என்பது தெளிவாகிறது. கல்லைத் துளைக்கிறவனுக்கு முனை பொருந்தாவிட்டால் பல நாள் வேலை ஒரு நொடியில் உடைந்து போகும். மரம் அவ்வளவு கண்டிப்பானதன்று. அதனால்தான் மரத்தில் நாம் அலட்சியம் காட்டுகிறோம்.

முதலில் மெழுகுவர்த்தியைப் பற்றியே சிறிது பார்ப்போம். மைக்கேல் ஃபாரடே என்ற பேரறிஞர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860 ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில், இளைஞர்களுக்காக மெழுகுவர்த்தி ஒன்றையே பொருளாகக் கொண்டு தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். எரியும் வர்த்தியின் தலையில் உருகிய மெழுகு தங்கும் ஒரு சிறு கிண்ணம் உண்டாவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுடரின் வெப்பத்தால் மேலே எழும் காற்று, சுற்றிலும் கீழிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கிறது. அக்காற்று வர்த்தியின் புறச் சுவரைக் குளிர்விப்பதால் விளிம்பு உருகாமல் நிற்கிறது. நடுப்பகுதி மட்டும் உருகிக் கிண்ணமாகிறது. வர்த்தி சாய்ந்து நின்றால் என்ன ஆகும்? சுடர் எப்போதும் நேரே மேல்நோக்கித்தான் நிற்கும். ஆகவே கிண்ணத்தின் ஒரு பக்க விளிம்பு சுடருக்கு அருகில் வந்துவிடும். அந்த விளிம்பு உருகும். மெழுகு அந்த வழியாக வழிந்தோடும். வர்த்தி பாதி நேரத்தில் தீர்ந்துவிடும். துளை கோணலாக இருந்தால் வர்த்தி சாயும். துளை தளர்வாக இருந்தாலும் சாயும். தாங்கி செய்கிறவனுக்கு ஃபாரடே சொல்லிக் கொடுக்கும் பாடம் இதுதான்.

இனி அளவு. மேல்நாட்டில் மேசைமேல் வைக்கும் நீண்ட வர்த்திகளின் அடிப்பகுதி பெரும்பாலும் முக்கால் அங்குலத்துக்கு மேல், ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் இருக்கும். நம் கடைகளில் கிடைப்பவை பல பருமன்களில் வருகின்றன. ஆகையால் கையில் இருக்கும் வர்த்தியையே அளக்க வேண்டும். ஒரு காகிதப் பட்டையை வர்த்தியின் அடியில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடத்தில் பென்சிலால் குறியுங்கள். காகிதத்தைப் பிரித்து அளந்து, வந்த எண்ணை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். 63 மில்லிமீட்டர் வந்தால் விட்டம் 20. 69 வந்தால் 22. எட்டாம் வகுப்புக் கணக்குத்தான். ஆனால் எட்டாம் வகுப்பில் அதைக் காகிதத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

தட்டையான அலுமினியக் கிண்ணத்தில் வரும் சிறு வர்த்தியின் விட்டம் சுமார் 38 மில்லிமீட்டர். இதற்கு 40 மில்லிமீட்டர் துளை வேண்டும். இங்கே மாணவர்கள் பலர் சறுக்குவதைக் கண்டிருக்கிறேன். சமையலறை அலமாரி செய்யும் தச்சரிடம் கதவுக்கீல் பதிப்பதற்கென்று ஓர் அலகு எப்போதும் இருக்கும். அதன் அளவு 35 மில்லிமீட்டர். இரவல் கிடைத்துவிட்டதே என்று அதைக் கொண்டு துளைத்துவிட்டு, பிறகு வர்த்தியின் அலுமினியக் கிண்ணத்தை நசுக்கி உள்ளே திணிப்பார்கள். நசுங்கிய கிண்ணத்திலிருந்து சூடான மெழுகு ஒழுகி மரத்தில் இறங்கும். இரவல் அலகுக்காக வர்த்தி தன் அளவை மாற்றிக்கொள்ளாது.

அளவு தெரிந்த பிறகு, மரத்தின் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். இது அளவைக் காட்டிலும் முக்கியமானது. ஆனாலும் புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. கடைசல் பட்டறையில் கடைந்தெடுத்த நெட்டைத் தாங்கியில், துளை மரத்தின் தலைமுகத்தில் இறங்குகிறது. அதாவது, நார்களின் அறுந்த நுனிகளுக்குள் நார் ஓடும் திசையிலேயே செல்கிறது. பலகைத் துண்டில் இரண்டு மூன்று சிறு வர்த்திகளை வரிசையாகப் பதிப்பதானால், துளை நார்களைக் குறுக்கே அறுத்துக்கொண்டு இறங்குகிறது. ஒரு கட்டுத் துடைப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நுனிப் பக்கமாக விரலை நுழைப்பது வேறு. பக்கவாட்டில் குச்சிகளை வெட்டிக் குழி செய்வது வேறு. இரண்டுக்கும் ஒரே அலகு சமமாக வேலை செய்யாது.

சாதாரண முறுக்கு அலகை எல்லாரும் அறிவீர்கள். அமெரிக்கரான ஸ்டீஃபன் மோர்ஸ் 1863 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இது இரும்பைத் துளைப்பதற்கென்றே பிறந்தது. இதன் நுனி 118 பாகைக் கோணத்தில் கூம்பாக இருக்கும். 22 மில்லிமீட்டர் அலகானால் அந்தக் கூம்பின் உயரம் மட்டும் ஆறரை மில்லிமீட்டருக்கு மேல் வரும். நுனிவரை 25 மில்லிமீட்டர் ஆழம் துளைத்துவிட்டோம் என்று நீங்கள் மகிழ்ந்தாலும், வர்த்தியைப் பிடித்து நிறுத்தும் நேர்ச்சுவர் 18 மில்லிமீட்டர்தான். அன்றியும், குறுக்கு நாரில் இது வட்டத்தின் ஓரத்தை முன்கூட்டி அறுக்காமல் நார்களைத் தூக்கிப் பிய்க்கிறது. வாய் ஓரம் சிம்பு சிம்பாக நிற்கும். நடுவில் கூர்முள்ளும் ஓரத்தில் கீறும் பற்களும் வைத்த மரவேலை முறுக்கு அலகு இந்தக் குறையைப் போக்கும். சிறு துளைகளுக்கு அதுவே நல்லது.

அடுத்தது தட்டை அலகு. மண்வெட்டியைச் சிறிதாக்கி நடுவில் ஒரு நீண்ட முள் வைத்தது போல் இருக்கும். விலை குறைவு. தலைமுகத்தில் இது நன்றாகவே இறங்கும். குறுக்கு நாரில் வாய் ஓரத்தைக் கடித்துக் குதறும். இதன் முள்தான் ஆபத்து. பலகையின் கனம் 25 மில்லிமீட்டர், துளையின் ஆழம் 18 என்றால், அடியில் 7 மில்லிமீட்டர் மரம் மிச்சமிருப்பதாக நினைப்போம். அதற்குள் முள் அடிப்பக்கத்தைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருக்கும். ஆகவே வேலை தொடங்கும் முன் முள்ளின் நீளத்தை அளந்து, பலகையின் கனத்திலிருந்து கழித்துவிடுங்கள்.

வளைய ரம்பம் என்று ஒன்று விற்கிறார்கள். அது வட்டத்தின் ஓரத்தை மட்டும் அறுக்கும். நடு மரம் அப்படியே நிற்கும். ஊடுருவும் துளைக்கு அது சரி. அடி வைத்த குழிக்கு அதை வாங்குவது வீண்.

பட்டறைக்கு வந்து சேர்ந்த அலகுகளில் என் மதிப்பில் முதன்மையானது ஃபோர்ஸ்ட்னர் அலகு. பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வாழ்ந்த துப்பாக்கித் தொழிலாளர். 1874 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மற்ற அலகுகள் நடுமுள்ளை நம்பி நடக்கின்றன. இதுவோ தன் சுற்று விளிம்பையே நம்பி நடக்கிறது. கூர்மையான விளிம்பு முதலில் வட்டத்தை அறுத்துவிடுகிறது. உள்ளிருக்கும் தட்டை வெட்டுவாய்கள் மரத்தை இழைப்புளி போலச் சீவி எடுக்கின்றன. சுவர் வழவழப்பாகவும் அடி தட்டையாகவும் அமைகின்றன. பலகையில் பதிக்கும் சிறு வர்த்திக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் தலைமுகத்தில் இது மெதுவாகவே இறங்கும். அவசரப்பட்டால் சூடேறிக் கருகும். அடிக்கடி வெளியே எடுத்துச் சீவலைத் தட்டிவிட வேண்டும்.

சூட்டுக்குக் காரணம் வேகம். நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும் யந்திரத்தில் 10 மில்லிமீட்டர் அலகின் விளிம்பு நிமிஷத்துக்கு 94 மீட்டர் ஓடுகிறது. அதே யந்திரத்தில் 40 மில்லிமீட்டர் அலகை மாட்டினால் விளிம்பு 377 மீட்டர் ஓடும். மரம் புகையாமல் என்ன செய்யும்? பெரிய அலகுக்கு 500 சுற்றுப் போதும். பெரிய ஃபோர்ஸ்ட்னர் அலகை வெறுங்கையில் பிடித்த யந்திரத்தில் மாட்டுவதை நான் மாணவர்களுக்கு அனுமதித்ததில்லை. அது மரத்தில் சிக்கினால் யந்திரமே மணிக்கட்டைத் திருகிவிடும். தூணில் பொருத்திய துளைப்பு யந்திரம் வேண்டும். மரத்தைக் கிளாம்பினால் இறுக்கியிருக்க வேண்டும். துளை செங்குத்தாக அமைவதற்கும் அதுவே வழி.

கடைசல் தாங்கி செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதலில் கடைந்து முடித்துவிட்டுப் பிறகு துளைப்பது பலருடைய பழக்கம். உருண்டு திரண்ட பொருளை எதில் பிடித்து இறுக்குவது? துளை மையம் விலகினால் சுவர் ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெலிந்தும் போகும். சதுரக் கட்டையாக இருக்கும்போதே துளைத்துவிட்டு, அந்தத் துளையையே மையமாகக் கொண்டு கடைவது நல்லது. பச்சை மரத்தில் மட்டும் துளைக்காதீர்கள். உலரும்போது மரம் நாரின் நீளத்தில் ஏறக்குறையச் சுருங்குவதில்லை, குறுக்கே சுருங்குகிறது. பலகையில் போட்ட வட்டத் துளை சில மாதங்களில் முட்டை வடிவாகிவிடும்.

கடைசியாக ஒரு பித்தளைக் கிண்ணம். வர்த்தி அடிவரை எரிந்தால் திரி மரத்தின்மேல் விழும். அன்றுதான் மரத் தாங்கியும் விறகுதான் என்று தெரியவரும். ஆகையால் நெட்டை வர்த்திக்கான துளைக்குள் அடி மூடிய பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றைப் பதிக்க வேண்டும். இதனால் கணக்கு மாறுகிறது. வர்த்தி 22 மில்லிமீட்டர். குழாயின் உள்விட்டம் 23. ஒரு மில்லிமீட்டர்த் தகடானால் வெளிவிட்டம் 25. நீங்கள் வாங்க வேண்டியது 22 அலகன்று, 25 அலகு. அலுமினியக் கிண்ண வர்த்திக்குத் தனிக் கிண்ணம் வேண்டாம். குழியின் ஆழத்தைக் குறைத்து, அதன் விளிம்பு பலகைக்கு மேலே சற்றுத் தெரியும்படி விட்டால் போதும்.

"ஐயா, ஒரே ஓர் அலகு வாங்கத்தான் காசு இருக்கிறது, எதை வாங்குவது?" என்று சென்ற ஆண்டு ஒரு மாணவன் கேட்டான். பள்ளியிலோ பக்கத்துப் பட்டறையிலோ துளைப்பு யந்திரம் கிடைக்குமானால் 25 மில்லிமீட்டர் ஃபோர்ஸ்ட்னரை வாங்கு. கைக்கருவி மட்டுமே உண்டென்றால் 25 மில்லிமீட்டர் தட்டை அலகை வாங்கி, கட்டையின் உயரத்தை இரண்டு விரற்கடை கூட்டிக்கொள் என்றேன். அவன் தட்டை அலகைத்தான் வாங்கினான். வேப்பங்கட்டையில் அவன் செய்த தாங்கியின் வாய் ஓரம் சற்றுப் பிசிறாகத்தான் இருந்தது. உப்புக்காகிதத்தால் தேய்த்துச் சரிசெய்துகொண்டான். வர்த்தி நேராக நின்றது.